காற்றால் சுட்டது

மூன்றாம் முறை விதைத்த சோளம் இது.
முதல் விதையை மழை வாரிக்கொண்டு போனது.
இரண்டாவதைப் பால் பிடிக்கும் நாளில்
ஒரே இரவில் உழுது போட்டுவிட்டது பன்றி.
ஏரில்லை, மாடில்லை, கூலியும் கேட்கவில்லை.

புலிக்கு மரியாதைப் பெயர் உண்டு எங்கள் மலையில்.
பாட்டன் என்போம், குரலைத் தாழ்த்தி.
பன்றிக்கு அப்படி எதுவும் வைக்கவில்லை.
இருட்டிய பிறகு
'அது' என்போம், அவ்வளவுதான்.

அது வந்தால் சொல்லியனுப்ப
யசோகி இருக்கிறான், ஆற்றுக்கு அந்தப் பக்கம்.
நியாஸ் தீவிலிருந்து ரப்பர் வெட்ட வந்து
தங்கிவிட்டவன்; கழுத்தில் சிலுவை.
நிலம் என்னுடையது, தாய்வழி வந்தது.
விழும் பன்றி அவனுடையது.
எழுதிக்கொள்ளாத ஒப்பந்தம்:
நான் தொடாததை அவன் தின்பான்,
அவன் தின்பதால் என் அடுப்பு எரியும்.

துப்பாக்கிக்கு மருந்து கிடையாது. காற்றுத்தான்.
சைக்கிள் பம்பு மாதிரி ஒன்றை மிதித்துப் பிடித்து
இருநூறு தடவை அடித்தான். எண்ணினேன்.
கைவிளக்கின் முகத்தில்
மிட்டாய் சுற்றிய சிவப்புத் தாளை ஒட்டினான்.
சிவப்பு அதன் கண்ணுக்குத் தெரியாதாம்.
பரண்மேல் அவன்.
வாய்க்கால் மேட்டில் விளக்கோடு நான்.
என் வீட்டுக்காரர் பெக்கன்பாருவில்
யாருடைய கடையிலோ சோறு பரிமாறுகிறார்;
பெருநாளுக்கு வருவார்.

பன்னிரண்டு மணிவரை தவளைகள்.
பிறகு தவளைகள் இல்லை.

முதலில் ஓசை,
ஈரத்துணியைக் கிழிப்பதுபோல்,
தட்டை தட்டையாக.
பிறகு நாற்றம்.
விளக்கைப் போட்டேன்.
முதுகு மட்டும் தெரிந்தது,
தோகைகளுக்கு நடுவே ஒரு பாறை
மென்றுகொண்டு.
வெடிச்சத்தம் கேட்கவில்லை.
யாரோ பல்லிடுக்கில் 'த்சு' கொட்டினார்கள்.
பாறை ஓடியது.

இறங்கி வந்து தரையைத் தடவினான்.
ஒரு சொட்டும் காணோம்.
"படவில்லையா?" என்றேன்.
"பட்டது" என்றான். குனிந்தான், நிமிர்ந்தான்,
தலையில் அடித்துக்கொண்டு
மிட்டாய்த் தாளைப் பிய்த்தெறிந்தான்.
சிவப்பு வெளிச்சத்தில்
ரத்தம் எப்படித் தெரியும்?
வெள்ளையில் பார்த்தால்
எங்கள் காலடியிலேயே கிடந்தது வழி:
மரவள்ளி இலையில், வேலிக் கம்பியில்,
கருவாப்பட்டை மரத்தின் முழங்கால் உயரத்தில்.

வழி போய் நின்ற இடம்
எங்கள் குடும்பத்துக் கபுருஸ்தான்.

நஸ்ருன் மாமனின் கபர்மேல் படுத்திருந்தது,
மீசான் கல்லில் மூக்கை வைத்து.
வாயில் என் சோளம், பாதி மென்றது.
அழ வேண்டிய இடம்.
சிரிப்பு வந்துவிட்டது எனக்கு,
யசோகி சிலுவையைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு.

சுபுஹு பாங்குக்கு இரண்டு மணி நேரம்.
நூறு கிலோ; ஒற்றை ஆளால் ஆகாது.
அவன் என்னைக் கேட்கவில்லை,
கேட்கக் கூடாதென்று தெரிந்தவன்.
உரச் சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு
பின்னங்காலைப் பிடித்தேன்.
பிளாஸ்டிக்கைத் தாண்டி வந்தது சூடு,
காய்ச்சல்காரப் பிள்ளையின் கால் மாதிரி.
வேலிவரை இழுத்தோம்.
அதற்கப்பால் அவன் பாடு.

ரத்தம் ஊறிய மண்ணை வழித்தெடுத்தேன்.
வாய்க்காலில் கை கழுவினேன்.
மண்ணால் ஒருமுறை, நீரால் ஆறுமுறை.
மூன்றாவதிலேயே தண்ணீர் தெளிந்துவிட்டது,
மீதியையும் கழுவினேன்.

பள்ளியில் சொல்ல வேண்டுமா என்று
வரும் வழியெல்லாம் யோசித்தேன்.
மாமனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்தான்.
கீழ்ப்படி வயல் இரண்டை அடகு வைத்தபோது
அவர் என்னிடம் சொன்னாரா?

விடிந்ததும் எண்ணினேன்.
முப்பத்தெட்டுத் தட்டை போயிருந்தது.
மேட்டோரம் கிடந்தது மிட்டாய்த் தாள்,
அதன்மேல் எறும்பு.