பத்து மீற்றரில்

என் போனுக்குள் இருப்பவள் சென்னைக்காரி.
தட்டாதெருச் சந்தி என்று சொல்லவராமல்
ஒவ்வொரு காலையும் நாக்கு முறிவாள்.
வெலிங்டன் சந்தியை மட்டும்
பிறந்த வீடு மாதிரிச் சொல்லுவாள்.

ஏழே முக்காலுக்குத் தடியை விரிப்பேன்,
நாலு துண்டும் மூன்றே டக்கில்.
நுனி தேய்ந்துபோய்
இரும்புக்கடையில் வாங்கின
கதிரைக்கால் றப்பர் மாட்டியிருக்கிறேன்.
றப்பருக்குக் காது மந்தம்.
தாருக்கும் மண்ணுக்கும்
ஒரே பதில்தான் வைத்திருக்கிறது.

போறணையில் பாண் இறங்குகிற மணம், அதில் வலம்.
ஜெனரேற்றர் இரையும் நகைக்கடை, அதில் நேரே.
இதொன்றும் அவளுடைய வரைபடத்தில் இல்லை,
நானே குத்திவைத்த புள்ளிகள்,
நானே இட்ட பெயர்கள்.
எட்டரைக்கு ஆஸ்பத்திரி ரெலிபோன் அறையில்
பெருவிரலை வைத்தாக வேண்டும்.

மாசியில் ஒருநாள்
நேற்றிருந்த மூடி இல்லை.
முழங்கால்வரை கான்.
எனக்கு முன்னமே போன் அடியில் போய்ச் சேர்ந்தது.
சேற்றுக்குள் கிடந்துகொண்டு
பதறாமல் சொன்னாள்:
"நேராகச் செல்லவும்."

ஓட்டோ றெஜினோல்ட் ஓடிவந்தான்.
தூக்கினான், நல்ல பிள்ளை,
தூக்கின கையோடு
றோட்டையும் கடத்திவிட்டான்.
நான் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை.
ஓட்டோச் சத்தம் தேயுமட்டும் நின்று
திரும்பவும் கடந்தேன், தனிய,
ஹோர்ன்களுக்கு நடுவாலே.

"குழியின்ர போட்டோ இல்லாட்டிப்
பதிய ஏலாது அக்கா"
என்றது மாநகரசபை.
போய் எடுத்தேன்.
கமெராவை எங்கே பிடிப்பதென்று
நாற்றம் காட்டித்தந்தது.
சென்னைக்காரி படத்தை வாசித்தாள்:
"தரையில் ஒரு துவாரம். வெள்ளைக் குச்சி.
ஒரு செருப்பு. முகங்கள் இல்லை."
அப்படியே அனுப்பினேன்.

பங்குனியும் போய்விட்டது. மூடி வரவில்லை.
யாரோ அதற்குள்
பூவரசங் கிளையொன்றை நட்டிருக்கிறார்கள்,
கண் தெரிந்தவர்களுக்கு.
சருகு காய்ந்தபிறகு
காற்றடித்தால் எனக்கும் கேட்கிறது.
காற்று எல்லா நாளும் அடிப்பதில்லை.

அந்த இடத்துக்கும் புள்ளி குத்தினேன்.
பெயர் கேட்டது போன்.
கோபத்தில் சொன்னதை
அப்படியே எழுதிக்கொண்டது.

இப்போது போறணை தாண்டியதும்
சேறு துடைத்த குரலில்
தினமும் சொல்லுகிறாள்:
"பத்து மீற்றரில்,
இதிலேதான் நான் விழுந்தேன்."

ஓமடி என்று
தடியை விலத்திப் பிடிப்பேன்.
நீயுந்தான்.