உயரப் பலகை

குதிகால், பின்தொடை, தலை
மூன்றும் பலகையைத் தொடவேண்டும்.
மத்தல் செருப்பில்லாமல்தான் வந்திருந்தாள்;
கழற்றச் சொல்லும் வேலை எனக்கு மிச்சம்.

நூற்றுநான்கு சென்டிமீட்டர். வயது ஏழு.
மறுபடி அளந்தேன். நூற்றுநான்குதான்.

"எங்க வகையே குட்டை, நர்ஸம்மா" என்றாள் எவுல்,
மழை வரும் என்று சொல்பவளைப் போல.

படிவக் கட்டை எடுக்க முக்காலி போட்டு ஏறினேன்.
அலமாரி குவாத்தமாலா நகரத்தில் செய்தது.
காரணம் எழுத ஒரு விரற்கடை இடம்.
எனக்கு முன்பிருந்தவர் எல்லாப் படிவத்திலும்
'பரம்பரை' என்று எழுதியிருக்கிறார்.
அழகான கையெழுத்து.

பரம்பரைதான்.
எவுலின் கொள்ளுப்பாட்டன் பலாஸுக்கு
வேவேதெனாங்கோ மலைச்சரிவில்
அறுபது கயிறு சோளக்காடு.
இங்கே நிலத்தைக் கயிற்றால்தான் எண்ணுவோம்.
முத்திரை வைத்த தாள் ஒன்று வந்தது
அவருக்குத் தெரியாத மொழியில்.
அடுத்த வருஷம்
சோளம் நின்ற இடத்தில் காப்பி நின்றது.
அவரும் அதே இடத்தில்தான் நின்றார்,
கூலிக்கு.
நெற்றியில் பட்டை கட்டி மூட்டை இழுத்த தடம்
பிணத்திலும் மறையவில்லையாம்.
பாறைமேட்டில் பதினாறு கயிறு மிஞ்சியது.
அதை நாலு பிள்ளைகளுக்கு வகுத்து,
அந்தப் பங்கை மறுபடி வகுத்து
எவுலுக்கு வந்தது ஒரு கயிறு.

துணி உலர்த்தலாம்.

காலையில் சோள ரொட்டி, உப்பு, கருங்காப்பி.
நல்ல கொட்டை கப்பலேறிவிடும்;
தண்ணீரில் மிதக்கும் சொத்தைதான் வீட்டுக்கு.
கோழி முட்டையிடுகிறது.
முட்டை வியாழச் சந்தைக்குப் போய்
இருமல் மருந்தாகத் திரும்புகிறது.
இருமல் ஏன் என்று கேட்டால்
கணக்கு மறுபடி முட்டையில் வந்து நிற்கும்.

வெள்ளிக்கிழமை கற்ற எழுத்து
திங்களன்று இவளிடம் இருப்பதில்லை.
வாத்தியார் 'மந்தம்' என்று எழுதிவிட்டார்.
இவள் பால்குடி மறந்த வருஷம்
சோளம் பொய்த்தது.
எலும்பைக் கட்டுவதா, எழுத்துக்கு இடம் கட்டுவதா என்று
அந்தச் சின்ன உடம்பு யோசித்திருக்கும்.
இரண்டையும் தள்ளிவைத்து
மூச்சை மட்டும் கட்டியது.
அதற்கு யாரும் மதிப்பெண் போடவில்லை.

எவுல் போனை நீட்டினாள்.
ஃப்ளோரிடாவில் தக்காளி பறிக்கும் அண்ணன் மேகேலின் மகள்,
மத்தலைவிட மூன்று மாதம் இளையவள்.
அதே மூக்கு, நெற்றியில் அதே சுழி.
குளிர்பெட்டியின் கைப்பிடி
அவள் காதுக்கு வருகிறது.
மத்தலை அங்கே நிறுத்தினால் எட்டிப் பிடிக்கவேண்டும்.

"அங்க வெயில் ஜாஸ்தி போல" என்றாள் எவுல்.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
அதற்குள் மத்தல் பலகையில் ஏறி
நுனிக்காலில் நின்றுகொண்டாள்.
"இப்போ?"
நூற்றுப்பதினொன்று.
குதிகால் தூக்கக்கூடாது என்பது விதி.
"நூற்றுப்பதினொன்று" என்று சத்தமாக வாசித்தேன்.
படிவத்தில் நூற்றுநான்கு.
காரணம் என்ற இடத்தில்
'கயிறு' என்று எழுதி அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தது,
சிவப்பு மையில்:
தெளிவாக எழுதவும்.