குழாய்க் கிணற்றுக் கணக்கு

நூற்றியெண்பது அடி ஆழத்தில்
மோட்டார் செத்துப்போனது.
பெப்ரவரி பதினொன்று, செவ்வாய்,
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
மூவாயிரத்து நானூறு டொலர், வரி தனி
என்றான் போனில் பம்புக்காரன்.
அன்றைக்குத்தான்
ஓய்வுகாலச் சேமிப்புக்கென்று இருநூறு டொலரை
வங்கி எடுத்திருந்தது,
சொல்லாமல் கொள்ளாமல், திகதி தவறாமல்.
இந்த வீட்டில் நேரம் பிந்தாதது
அதொன்றுதான் என்றார் குணபாலன்.

நீபவாவிலிருந்து பதினெட்டுக் கிலோமீற்றர்.
ஐந்து ஏக்கர், இருபத்தொரு கோழி.
வீடு மலிவு.
வீட்டுக்கு வருகிற பாதை, பெற்றோல், புரொப்பேன்,
பனி தள்ளுகிற மெசின்,
அந்த மெசினைத் தள்ளுகிற முதுகு
இதெல்லாம் விலைப்பட்டியலில் இருக்கவில்லை.

கோ-ஒப் கலண்டரின் பின்பக்கத்தில் என் கணக்கு.
வீட்டுக் கடன். ட்ரக் கடன்.
தம்பியை எடுப்பிக்க ஏஜென்சிக்குக் கட்டிய கடன்.
தம்பி வந்து, கலியாணம் கட்டி, பிள்ளை பெற்று
எட்மன்டனில் என்னுடையதைவிடப் பெரிய வீட்டில் இருக்கிறான்.
அவனுடைய வட்டி மட்டும்
இன்னும் என்னோடு குடியிருக்கிறது,
வாடகை தராமல்.
'பிறகு தாறன் அக்கா' என்ற சொல்லை
எந்த வங்கியும் வைப்பிலிட வாங்காது.

வங்கியில் ஒரு பெட்டை, பெயர் கெய்ட்லின்,
திரையைத் திருப்பி ஒரு கோடு காட்டினாள்.
நாற்பத்தொன்பதில் தொடங்கி
அறுபத்தைந்துக்கு மலையேறுகிற கோடு.
வழியில் ஒரு பம்ப்கூடப் பழுதாகாத கோடு.
சேமிப்பிலிருந்து எடுக்கலாம், ஆனால் வரி கழியும்,
எடுத்த இடம் எடுத்ததுதான், திரும்ப நிரப்ப ஏலாது.
அல்லது கடன் எல்லையை உயர்த்தலாம்.
விதைநெல்லைக் குத்துவதா,
விளையாத போகத்தை ஈடு வைப்பதா,
இதை அவளுக்கு எந்த மொழியில் சொல்ல?
யோசிக்கிறேன் என்றேன்.

மூன்று நாள் பனியை அள்ளி அடுப்பில் உருக்கினோம்.
வாளி முட்டப் பனி;
வடிந்து நின்றால் ஒரு செம்புத் தண்ணீர்.
சம்பளத் துண்டு மாதிரி என்றேன்.
குணபாலன் சிரிக்கவில்லை.
இறைச்சித் தொழிற்சாலையில் பத்து மணித்தியாலம் நின்றவர்
அந்தச் செம்பில் கால் கழுவினார்.
மிச்சம் கோழிகளுக்கு.

என் வேலை இரவில், முதியோர் இல்லத்தில்.
ஏழாம் அறை மிஸிஸ் ஹால்வர்சனுக்குத் தொண்ணூற்றிரண்டு.
ஆயிரத்தைந்நூறு ஏக்கரில் கோதுமை விதைத்தவள்
கைலேஞ்சி முடிச்சில் இப்போது இரண்டு குவாட்டர்.
தேத்தண்ணி கொடுத்தால்
அதை என் உள்ளங்கையில் வைத்து அழுத்துவாள்;
வாங்காவிட்டால் குடிக்கமாட்டாள்.
விடியமுன் அவளுடைய லாச்சியில் திருப்பி வைப்பேன்.
நான்கு வருடமாக அதே ஐம்பது சதம்.
வளரவுமில்லை, தேயவுமில்லை.

வியாழன் விடிய
பம்ப் நினைவில் அதை மறந்து
யூனிபோம் பொக்கெற்றில் வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன்.
பகல் முழுக்க நித்திரை வரவில்லை.
வங்கிக்குப் போன் எடுத்தேன்.
முட்டைக் காசு போட்ட நெஸ்பிரே பேணியைக் கவிழ்த்தேன்:
முந்நூற்றுப் பத்து.
மாதத்து இருநூறை நிறுத்தவில்லை,
நூற்றிருபதாகக் குறைத்தேன்.
மற்றது கடன்.
கெய்ட்லின் புதிய கோடு ஒன்று அனுப்பினாள்.
அது அறுபத்தெட்டில் முடிந்தது.

வெள்ளி பின்னேரம் பம்புக்காரன் வந்தான்.
குழாய் இருமியது, காற்றைத் துப்பியது,
செம்மண் நிறத்தில் கொஞ்சம்,
தேத்தண்ணி நிறத்தில் கொஞ்சம்,
பிறகு தண்ணீர்.
குணபாலன் கையை நனைத்தபடி
பேசாமல் நின்றார், பில் மேசையில் கிடக்க.

நான் கலண்டரைத் திருப்பி
கடன்களைப் புதிதாக எழுதினேன்.
முதல் வரியில்
மிஸிஸ் ஹால்வர்சன், ஐம்பது சதம்,
இன்றிரவு.