சதுரத்துக்குள் புள்ளி

ஆலோசகர் பெனிட்டா வெள்ளைத்தாளில்
எங்கள் குடும்பத்தை வரைந்தார்.
பெண்கள் வட்டம், ஆண்கள் சதுரம்.
நோய் கண்டிருந்தால் உள்ளே மை.
செத்திருந்தால் குறுக்கே ஒரு கோடு.

"சந்திரமதி அத்தை எதில் இறந்தாங்க?"
வயிற்றுவலி என்றுதான் சொல்லியிருந்தார்கள்.
"அவங்க தங்கச்சி?"
அதுவும் வயிற்றுவலி.
எங்கள் குடும்பத்துப் பெண்களுக்கு
உடம்பென்றால் வயிறு மட்டும்தான்.

என் முடி கொட்டியபின் பார்க்க வந்தவர்கள்
ஆப்பிளை அம்மா கையில் கொடுத்துவிட்டு
அவளையே பார்த்தார்கள்.
உங்க பக்கம் யாருக்காவது இருந்துச்சா?
பெரம்பூர் வீட்டில் எனக்கென்று
ஒரு டம்ளர் தனியானது.
யார் செய்ததென்று தெரியாது,
அடியில் சிவப்பு நகப்பூச்சில் ஒரு பொட்டு.

தாளில் கோடு மேலேறி
அப்பாவின் சதுரத்தில் போய் நின்றது.
மையில்லாத, ஆரோக்கியமான சதுரம்.
நடுவில் பெனிட்டா
ஒரு புள்ளி வைத்தார்.

"ஆம்பளை வழியா எப்படிம்மா?"
முப்பத்தோரு வருடம் ஐசிஎஃப்பில்
ரயில்பெட்டிக்கு போல்ட் முடுக்கியவர்
அதற்குமேல் பேசவில்லை.
29சி-யில் அம்மாவுக்கு ஜன்னலோரம் கொடுத்துவிட்டு
ஜெமினி தாண்டும்வரை
கம்பியைப் பிடித்தபடி நின்றார்,
பக்கத்தில் இடம் காலியாக இருந்தும்.

ராத்திரி பதினோரு மணிக்கு டைரியை எடுத்தார்.
"ஒரு லாட்டுல போல்ட் கோளாறுன்னா
அந்த நம்பர் பெட்டி கௌஹாத்தில ஓடினாலும்
கூப்பிட்டு நிறுத்துவோம்.
கோளாறு பெட்டியோட தப்பில்லையே."

மறுநாளிலிருந்து போன்.
சித்தப்பா: வரன் பாக்கிற நேரத்தில
இதெல்லாம் வெளிய சொல்லாதீங்கண்ணே.
ஆவடியிலிருந்து: எங்களுக்கு ஒண்ணும் இல்ல, வெச்சிடறேன்.
ஒருத்தி எண்ணையே தடுத்துவிட்டாள்.
மூன்று பொருத்தம் குறைந்த ஜாதகத்தைக்கூட
கூரியரில் அனுப்புகிறவர்கள்தான்.
அப்பா பென்சிலால் குறித்துக்கொண்டே போனார்:
எடுக்கல. எடுக்கல. கத்தினான். எடுக்கல.

செவ்வாய்க்கிழமை அடையாறில்
ரத்தம் எடுக்கும் வரிசையில்
ஜீவரேகா நிற்கிறாள், சந்திரமதி அத்தையின் மகள்.
வீட்டில் தையல் வகுப்பு என்று சொல்லியிருக்கிறாள்.
கைப்பையில் அதற்காக
அரை மீட்டர் துணியும் கத்தரிக்கோலும்.
செக்யூரிட்டி கத்தரிக்கோலை வாங்கி வைத்துக்கொண்டார்.

வெளியே வெயிலில் அப்பா
போனைக் காதில் அழுத்திக்கொண்டு
அடுத்த ஆள் எடுப்பதற்காகக் காத்திருக்கிறார்.

"வலிக்குமாக்கா?"

ஊசியைத்தான் கேட்கிறாள்
என்று வைத்துக்கொண்டு
வலிக்காது என்றேன்.