நடத்தை: நன்று

மாற்றுச் சான்றிதழில் அந்த ஒரு கட்டத்தை
நான் படித்ததே இல்லை.
மாணவரின் ஒழுக்கமும் பண்பும்: நன்று.
பதினாறு வருடமாக எல்லோருக்கும் நன்று.
சில பள்ளிகளில் அதற்கு ரப்பர் ஸ்டாம்ப்பே உண்டு.

இந்த ஜூனில்தான் படித்தேன்.
வேதியியல், இரண்டாம் பட்டியல், வரிசை எண் பதினொன்று,
சுதர்சன், த/பெ கலியமூர்த்தி.
அவன் இணைக்காத ஒன்று
கல்லூரி மின்னஞ்சலுக்குத் தனியே வந்திருந்தது.
மூன்று வருடம் முந்தைய ஸ்டேட்டஸ், ஸ்கிரீன்ஷாட்டாக.
சத்துணவுத் தட்டோடு நிற்கிற வகுப்புத் தோழி,
அவள் தெருவையும் தட்டில் இருந்ததையும் சேர்த்து ஒரு வரி,
சிரித்து உருளும் மஞ்சள் முகங்கள் மூன்று.

அந்த வரியை இங்கே எழுத மாட்டேன்.
எழுதினால் நானும் ஒருமுறை அனுப்பியவள் ஆவேன்.

மன்னார்குடியில் அன்று காலையிலிருந்து கரண்ட் இல்லை.
முதல்வர் அறையில் ஐந்து பேர்
விண்ணப்ப உறைகளால் விசிறிக்கொண்டிருந்தோம்.
"பதினஞ்சு வயசு. மீசைகூட முளைக்கல" என்றார் கணக்கு.
"இது மட்டும் முளைச்சிருக்கே" என்றார் நூலகர்.
செயலருக்கு ஒரே கேள்வி: "பேப்பர்ல வருமா?"

அப்பா வராந்தாவில் நின்றிருந்தார்.
பொதுப்பணித் துறை லஸ்கர்.
பாமணியாற்று ஷட்டர்களை ஏற்றி இறக்கும் கை,
கிரீஸ் போகாத நகம்.
"அன்னைக்கு ராத்திரியே பெல்ட்டால அடிச்சேன் மேடம்.
அழிச்சுட்டான்."
மேட்டூர் திறந்து ஆறு நாள் ஆகியிருந்தது.
"ஷட்டரை இறக்கிட்டா தண்ணி நின்னுடும். ஆனா
அதுக்கு முன்னாடி போனது..."
அவரே ஆரம்பித்து
அவரே நிறுத்திக்கொண்டார்.

எனக்கும் ஒரு வரி உண்டு.
தொண்ணூற்று நான்கு, நீடாமங்கலம், ஒன்பதாம் வகுப்பு,
கழிப்பறைச் சுவரில், செங்கல் துண்டால்,
விஜயராணியின் கழுத்தில் இருந்த வெண்புள்ளிகளைப் பற்றி.
எதுகை பார்த்து எழுதினேன்.
பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள்.
அவள் அதற்குப் பிறகு பள்ளிக்கு வந்தாளா?
நினைவில்லை.
அந்த நினைவில்லாமையை வைத்துக்கொண்டுதான்
பி.எஸ்சி., எம்.எஸ்சி., எம்.ஃபில்., இந்த நாற்காலி.

போகட்டும், சேர்த்துக்கொள்வோம் என்று
கை தூக்கப் போனவள்
பட்டியலைத் திருப்பினேன்.
அதே பள்ளி, அதே துறை, வரிசை எண் நான்கு:
பவதாரணி.
ஸ்கிரீன்ஷாட்டில் முகம் தெளிவாகத்தான் இருந்தது.
ஐந்து பேரில் ஒருவரும் அவள் பெயரைக் கேட்டிருக்கவில்லை.

விண்ணப்பத்தில் இருந்த எண்ணுக்கு அடித்தேன்.
கச்சனம் பக்கம் ஏதோ வயல், பின்னால் மோட்டார் சத்தம்.
"மெயில் நான் அனுப்பல மேடம்" என்றாள் முதலில்.
நான் அதைக் கேட்கவே இல்லை.
"அவன் அழிச்சுட்டான். என் போன்ல இருக்கு.
ரெண்டு போன் மாத்திட்டேன். கூடவே வருது."
"ஸாரி சொன்னானா?"
"இல்ல. பிளஸ் டூல ரெக்கார்டு நோட்டு கேட்டான்.
குடுத்தேன்."
கொஞ்ச நேரம் மோட்டார் மட்டும்.
"சீட்டு குடுக்கறதும் குடுக்காததும் உங்க வேலை மேடம்.
என்னைக் கேட்டுக் குடுத்ததா மட்டும்
எங்கயும் சொல்லிடாதீங்க.
லேப்ல என் பேட்ச்ல போடாதீங்க."

மூன்றுக்கு இரண்டு. சேர்த்தோம்.
மூன்றில் ஒன்று என் கை. சரியா என்று தெரியாது.
கையெழுத்துப் போட வந்தவனிடம் ஒன்றுதான் கேட்டேன்:
என்ன எழுதினாய், நினைவிருக்கிறதா?
பேனா மூடியைத் திருகித் திருகி
"எழுத்து மாறாம இருக்கு மேடம்" என்றான்.
என்னிடம் இல்லாத ஒன்று
அவனிடம் இருந்தது.

பேட்ச் பிரித்தேன்.
அவள் திங்கள். அவன் வியாழன்.

இரவு, போனில்,
விஜயராணி என்று தேடினேன்.
எத்தனையோ பேர்.
பாதிப் பேர் முகம் வைக்கிற இடத்தில்
பூ வைத்திருக்கிறார்கள்.