சட்டத்துக்கு வெளியே

இவானோ கடையைப் புதுப்பித்திருக்கிறான்.
சுவரில் எட்டுப் பழைய படங்கள், கறுப்புச் சட்டமிட்டு.
நகராட்சிக் கிடங்கைக் காலி செய்தபோது
பெட்டியோடு வாங்கினானாம், எடை போட்டு.
எடுத்தவன் யாரென்று தெரியவில்லை என்கிறான்
என்னிடமே.
நான் காபியைக் கலக்குகிறேன்.
சர்க்கரை போடவில்லை என்பது
பாதியில்தான் நினைவு வருகிறது.

தூரின் நகரமே வந்து நிற்கிறது இந்தச் சுவர் முன்னால்.
ஒரு பெண்மணி, நேற்றும் வந்தாள், இன்றும்,
கண்ணாடியில் மூக்கு படக் குனிந்து
"ஃபியட் அறுநூறு! எங்கள் அப்பாவுடையது இதே பச்சை.
ஒரு கோடையில் திடீரென்று விற்றுவிட்டார்" என்கிறாள்.
கறுப்பு வெள்ளைப் படத்தில் பச்சை.
நான் சிரிக்கவில்லை.
பச்சைதான் அது.

ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர் ஒருவர்
தண்டவாளத்தின் மேல் விரலை ஓட்டிப்போய்
சட்டத்தின் விளிம்பில் பிரேக் போட்டார்.
மூலையில் இசைத்தட்டுக் கடையைக் கண்டுபிடித்தவர் அவர்தான்:
சம்பள நாளில் ஒரு தட்டு,
மற்ற நாளெல்லாம் வாசலில் நின்று
ஓசியில் அரைப் பாட்டு.

அந்தக் காலத்தில் பிறந்தேயிராத மாணவர்கள் இரண்டு பேர்
அந்தக் காலத்துக்காக ஏங்கினார்கள்.
"பாரேன், தெரு எவ்வளவு காலி!
மூச்சு விட இடம் இருந்திருக்கிறது."

காலியாகத்தான் இருந்தது.
இருபுறமும் கயிறு கட்டி
நாங்கள்தான் நிறுத்தி வைத்திருந்தோம் ஊரை.

போக்குவரத்துப் போலீசில் இருபத்துமூன்று வருடம்
படம் பிடித்தேன்.
ஏணிமேல் நின்று எடுக்கச் சொல்வார்கள்,
அதனால்தான் தெரு இப்படி விரிந்து கிடக்கிறது.
அதைக் கலைக்கண் என்கிறான் இவானோ.
டிராமின் நிழலென்று இவர்கள் நினைப்பது
பதினாலு மீட்டர் டயர்த் தேய்ப்பு.
அளந்தது நான்.
படத்தின் கீழ்ப்பகுதியை வெட்டிவிட்டார்கள்,
சட்டத்துக்குள் அடங்கவில்லையாம்.
சைக்கிள் அங்கேதான் கிடந்தது.
ரொட்டிகள் தண்டவாளப் பள்ளம் வரைக்கும் உருண்டிருந்தன.
தொனாத்தோ, பத்தொன்பது வயது,
தெற்கிலிருந்து ரயிலேறி வந்து பதினோரு நாள்.
படத்தின் முதுகில் பென்சிலால் எழுதியிருந்தேன்.
முதுகு இப்போது அட்டையோடு பசை போட்டு ஒட்டியிருக்கிறது.

காரின் ரேடியோ மட்டும்
எதுவுமே நடக்காததுபோல் பாடிக்கொண்டிருந்தது.
அந்தக் கோடையில் ஊரே முணுமுணுத்த பாட்டு:
கடல், நிலா, ஒரு முத்தம், திரும்பவும் கடல்.
"அணைத்துத் தொலையேன்" என்றார் இன்ஸ்பெக்டர் கிபாவுதோ.
படம் முடிகிறவரை எதையும் தொடக்கூடாது,
அது சட்டம்.
பன்னிரண்டு எடுத்தேன்.
ஏழாவதில் பாட்டு முடிந்து சோப்பு விளம்பரம் வந்தது.
காரோட்டி நடைபாதை ஓரம் உட்கார்ந்து
தன் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்றைக்கு அந்த மாணவர்களில் ஒருத்தி
"இந்தப் படத்துக்காலத்துப் பாட்டு ஏதாவது போடுங்களேன்" என்றாள்.
இவானோ போனைத் தடவினான்.
கடல், நிலா.
டிராம்காரருக்கு ஒரு வரிகூட மறக்கவில்லை.
பச்சைக் கார்க்காரி கண்ணை மூடிக்கொண்டாள்,
அப்பாவின் பின்சீட்டில் உட்கார்ந்துவிட்டாள் என்று தெரிந்தது.
சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்தேன்.
எழுந்தவனின் கால்
தரையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது.

அன்று இரவே
ஆற்றங்கரை நடன மேடையில்
இதே பாட்டுக்கு எர்மினியாவோடு
முதன்முதலாக ஆடினேன்.
என்ன வேலை என்று கேட்டாள்.
புகைப்படக்காரன் என்றேன்,
கல்யாணங்களுக்கா என்றாள்,
அடுத்த சுற்று வந்துவிட்டது.
அதைவிட நல்ல இரவு ஒன்று
என் ஆயுளில் இல்லை. என்ன செய்ய.

பாட்டு முடிந்து விளக்கடிக்கு வந்தபோது
அவளுடைய கருநீல உடுப்பின் முதுகில்
என் கை, ஐந்து விரலும், வெள்ளையாக.
தெருவில் கோடு போட்ட சாக்பீஸ்,
கழுவியும் ரேகைக்குள் தங்கியிருக்கிறது.
"இதென்ன, மாவா?" என்றாள்
தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துத் தட்டிவிட்டபடி.

மாவுதான் என்றேன்.