அந்நியப் பொருள்

மூன்று கடையில் விலைச்சிட்டை எடுத்து
முத்திரை குத்தி வா, பிறகு கடன்
என்றது மாதர் சங்கம்.

ஸ்டான்லி வீதியில் ஜேர்மன்காரன்
கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தான்,
பூட்டு வேறு.
ஒரு இலட்சத்து எண்பத்தையாயிரம்.
தூக்கிப் பார்க்கலாமோ என்றேன்.
"அண்ணையைக் கூட்டிக்கொண்டு வாங்கோவன்" என்றான் பெடியன்.
அண்ணை கைதடியில் ஒரு வேம்பின் கவட்டில் நிற்கிறார்,
கனடாவில் இருக்கும் வீட்டுக்காரர்
வட்சப்பில் விரல் நீட்டும் கிளையை வெட்ட.
கணக்கு என்னிடம் என்றேன்.

கஸ்தூரியார் வீதியில் சுவீடன்காரன்.
ஒன்று அறுபத்திரண்டு,
சங்கத்துக்கு எண்டால் இரண்டாயிரம் குறைப்பினமாம்.
பாரம் குறைவு, புகை குறைவு, உதறல் குறைவு
என்று முதலாளி மரியசேவியர் ஒப்புவித்தார்.
உதறல் என்ற இடத்தில் நின்றுவிட்டேன்.

மிசின் பிடித்த நாளில்
பிளேன்ரீக் கோப்பையை இவர் எடுத்தால்
சோசர் தனக்குள் கதைக்கத் தொடங்கும்.
இரவு எட்டு, எட்டரை வரைக்கும்.
அதை எந்த நிரலில் எழுதுவது?

சுன்னாகத்தில் சீனன்.
முப்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு.
பெட்டியில் அவன் பேர்
ஜேர்மன்காரன் பேரோடு
ஓர் எழுத்து இடைவெளியில் உரசிக்கொண்டு நின்றது.
எத்தனை நாள் ஓடும் தம்பி?
"அது உங்கட ராசி அக்கா."
மூன்று கடையிலும்
உண்மை சொன்னவன் இவன் ஒருத்தன்தான்.

பஸ்ஸிலேயே கொப்பியை விரித்தேன்.
மாதம் பன்னிரண்டு மரம்.
ஜேர்மன்காரன் ஐந்து வருஷம் உழைத்தால்
மரத்துக்கு இருநூற்று ஐம்பத்தேழு.
சீனன் ஒரு வருஷத்தில் செத்தால்
இருநூற்று அறுபத்தேழு.
வித்தியாசம் பத்து ரூபா.
பத்து ரூபாவுக்கு ஒரு ரொபி வரும்,
அதுவும் சின்னது.
ஆனால் ஐந்து வருஷம் என்று எழுதுகையில்
பேனை கொஞ்சம் நின்றது.
டொலர் ஏறின வருஷம்
ஒரு போத்தல் பெற்றோலுக்கு
இரவிரவாய் வரிசையில் நின்ற மிசின் அல்லவா
எங்கள் பழசு.

உத்தரவாத அட்டையைப் பொருளாளர் ஞானசௌந்தரி
கண்ணாடியைத் தூக்கிவிட்டு வாசித்தா:
மரத்தினுள் இருக்கும் அந்நியப் பொருளில் பட்டுச்
சேதமுறின் கம்பனி பொறுப்பல்ல.
ஜேர்மன்காரன் அட்டையிலும் அதுதான்.
சுவீடன்காரன் அட்டையிலும் அதுதான்.
சீனனுக்கு அட்டையே இல்லை.

போன ஆவணியில் எழுதுமட்டுவாளில்
ஒரு மாமரம்.
அரை அடி உள்ளே போன வாள்
ஒருக்கால் கீச்சிட்டது, பொறி பறந்தது,
பதினொரு பல் போயிற்று.
கோடாலியால் பிளந்து பார்த்தோம்:
பெருவிரல் அளவில் ஓர் இரும்பு.
சுற்றிவர மரம் கறுத்து,
காயத்தை மூடி,
அதற்கு மேலே பட்டை கட்டி,
அந்தக் கிளையில்தான் அந்த வருஷம்
காய் கூட என்றார் காணிக்காரர்.
முப்பது வருஷம் உள்ளே இருந்ததை
அந்நியம் என்று
எந்தக் கந்தோரில் இருந்து எழுதினார்களோ.

புதுச் சங்கிலி ஏழாயிரம்.
இரும்பைப் பழைய இரும்புக்காரனிடம் போட்டேன்.
பன்னிரண்டு ரூபா.
வரவுப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன், வேண்டுமானால் பாருங்கோ.

படிவத்தின் கடைசிக் கேள்வி:
குறைந்த விலையைத் தெரிவு செய்யாமைக்கான காரணம்.
ஒரு வரிதான் இடம் விட்டிருந்தார்கள்.
பெறுமதி, தரம், பாவனைக்காலம்
என்று எழுதச் சொன்னா ஞானசௌந்தரி.
கோப்பை என்று எழுதினேன்.
வெட்டிவிட்டு
உதறல் குறைவு என்று எழுதினேன்.

சுவீடன்காரன் வந்து மூன்று நாள்.
இன்றிரவு சோசர் கதைக்கவில்லை.
மிசினாலோ,
இன்றைக்கு மழை, வேலை இல்லை என்றதாலோ,
இன்னும் தெரியாது.
ஒரு மாதம் பார்த்துத்தான் சொல்லவேணும்.